நீஷ்: சாலைகள் கூடும் ஊரில் பதினான்கு மாதங்கள்

செர்பியத் தலைநகர் பெல்கிரேடிலிருந்து பல்கேரியத் தலைநகர் சோபியா செல்லும் பேருந்து, 2018 மார்ச் மாத இறுதியில் ஒரு மழைநாள் மாலை, தென்செர்பியாவின் நீஷ் நகரப் பேருந்து நிலையத்துக்குள் நுழைந்தபோது, இறங்குவதற்காக எழுந்தவர்கள் என்னையும் சேர்த்து நான்கு பேர்தான். மற்றவர்கள் எல்லோரும் எல்லை தாண்டிப் பல்கேரியாவுக்குப் போகிறவர்கள். கால் நீட்டிக்கொள்ளவும் புகை பிடிக்கவும் கீழே இறங்கி, பத்து நிமிடத்தில் மீண்டும் ஏறிக்கொண்டார்கள். வாகனங்களுக்கான சிறிய மின்மோட்டார்களைச் செய்யும் ஒரு தொழிற்சாலையில் கம்பிச்சுருள் சுற்றும் எந்திரங்களை நிறுவி, ஓட்டிக்காட்டி, அங்குள்ளவர்களுக்குப் பழக்கிவிட்டு வருவதற்காக எங்கள் நிறுவனம் என்னை அனுப்பியிருந்தது. ஆறு வாரப் பணி என்று சொல்லி அனுப்பினார்கள். பதினான்கு மாதங்கள் ஆயின.

அந்த முதல் மாலையில் நான் கண்ட காட்சியே இந்த ஊரின் இயல்பு என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. நீஷ் வழியில் இருக்கும் ஊர். சுற்றுலா வழிகாட்டிகள் இதற்கு அரைநாள் ஒதுக்குகின்றன. பெல்கிரேடில் உள்ளவர்கள் கடற்கரைக்காக கிரேக்கத்துக்குப் போகும்போது இதன் புறவழிச்சாலையில் பெட்ரோல் போட்டுக்கொள்கிறார்கள். ஆனால் இந்த ஊருக்கு வாய்த்த பெருமை, அழிவு, பிழைப்பு ஆகிய மூன்றுமே இது வழியில் இருப்பதால் வந்தவைதாம்.

வரைபடத்தைப் பார்த்தால் காரணம் புரியும். பால்கன் தீபகற்பம் முழுக்க மலைகள். அந்த மலைகளுக்கிடையே படையும் வண்டியும் போகத்தக்க பள்ளத்தாக்குகள் மிகச் சில. வடக்கே தன்யூப் நதியை நோக்கி ஓடும் மொராவா ஆற்றின் பள்ளத்தாக்கு அவற்றில் முதன்மையானது. பல்கேரியாவில் பிறந்து மேற்கு நோக்கி வரும் நிஷாவா ஆறு, சீச்சேவோ என்னும் குறுகிய மலையிடுக்கைக் கடந்து, இந்த ஊரின் நடுவே பாய்ந்து, சிறிது தொலைவில் தெற்கு மொராவாவில் கலக்கிறது. ஆகவே வடக்கே பெல்கிரேடு 240 கிலோமீட்டர், கிழக்கே சோபியா ஏறத்தாழ 160 கிலோமீட்டர், தெற்கே வட மாசிடோனியாவின் தலைநகர் ஸ்கோப்யே ஏறத்தாழ 200 கிலோமீட்டர் என்று மூன்று திசைகளுக்கும் போகும் பாதைகள் இங்கே வந்துதான் பிரிய வேண்டும். ரோமானியர்கள் பெல்கிரேடிலிருந்து கான்ஸ்டான்டிநோபிளுக்கு, அதாவது இன்றைய இஸ்தான்புல்லுக்குப் போட்ட இராணுவச் சாலையும், 1884இல் பெல்கிரேடிலிருந்து வந்து சேர்ந்த இருப்புப்பாதையும், இன்றைய நெடுஞ்சாலைகளும் இதே பள்ளத்தாக்கைத்தான் பிடித்துக்கொண்டு வருகின்றன.

வந்த மூன்றாவது வாரத்திலேயே ஓர் இடரில் மாட்டிக்கொண்டேன். செர்பியாவில் வெளிநாட்டவர் எங்கே தங்கினாலும் 24 மணி நேரத்துக்குள் அந்த முகவரி காவல்துறையிடம் பதிவாகியிருக்க வேண்டும். விடுதியில் தங்கினால் விடுதிக்காரர்களே செய்துவிடுவார்கள். வீடு எடுத்தால் வீட்டுக்காரர் செய்ய வேண்டும். அந்தப் பதிவுச் சீட்டைப் பேச்சு வழக்கில் ‘வெள்ளை அட்டை’ என்கிறார்கள். நான் முதலில் எடுத்த வீட்டின் உரிமையாளர், வாடகை வருமானம் கணக்கில் வந்துவிடும் என்ற அச்சத்தில், “செய்துவிட்டேன், கவலைப்படாதீர்கள்” என்று சொன்னாரே தவிரச் செய்யவில்லை. தற்காலிகக் குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்கப் போனபோதுதான் உண்மை தெரிந்தது. அதிகாரி கணினித் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நான் எங்கே தங்கியிருக்கிறேன் என்பதற்குச் சான்றே இல்லை என்றார். விண்ணப்பம் நின்றது, அபராதம் கட்டினேன், வீட்டையும் மாற்றினேன். சாவியை வாங்கும் அன்றே வெள்ளை அட்டையின் நகலையும் கேட்டு வாங்கிவிடுங்கள். தரத் தயங்கும் வீட்டுக்காரரின் வீடு எவ்வளவு நன்றாக இருந்தாலும் வேண்டாம். நான் போன காலத்தில் இந்தியர்கள் 30 நாட்கள் வரை விசா இல்லாமலே செர்பியாவுக்குள் நுழையலாம் என்ற சலுகை இருந்தது. 2023 தொடக்கத்திலிருந்து அது இல்லை. பழைய பயணக் குறிப்புகளை நம்பி விமானச் சீட்டு எடுத்துவிட வேண்டாம்.

இரண்டாவதாக எடுத்த வீடு என் நல்லூழ். கீழ்த்தளத்தில் வீட்டுக்கார அம்மா தனியாக இருந்தார், மேல்தளம் எனக்கு. எழுபதை எட்டிக்கொண்டிருந்த அவர் முதல் நாளே என்னை “சினே” என்று அழைத்தார். அகராதியில் பார்த்தால் ‘மகனே’ என்று போட்டிருந்தது. பெண்ணான என்னை ஏன் மகனே என்கிறார் என்று குழம்பி, தொழிற்சாலையில் கேட்டேன். இங்கே தாய்மார்கள் மகளையும் பாசத்தில் அப்படித்தான் அழைப்பார்கள் என்றார்கள். பெண் குழந்தையை “வாப்பா, சாப்பிடுப்பா” என்று கொஞ்சும் வீட்டில் வளர்ந்த எனக்கு அதன்பின் அதில் விளங்காதது எதுவும் இருக்கவில்லை.

மொழியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் இங்கு வருகிற நம்மவர்கள் இதில்தான் வீணாகப் பயப்படுகிறார்கள். செர்பிய மொழிக்கு சிரிலிக், லத்தீன் என்று இரண்டு எழுத்துமுறைகள் உண்டு. இரண்டையும் கலந்தே புழங்குகிறார்கள். அரசு அலுவலகப் பலகைகளும் பேருந்துகளின் பெயர்ப்பலகைகளும் பெரும்பாலும் சிரிலிக்கில் இருக்கும். சிரிலிக்கில் எழுத்துகள் 30. ஓர் எழுத்துக்கு ஓர் ஒலி. எழுதியபடியே வாசிக்க வேண்டும், பேசியபடியே எழுத வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வுக் கராஜிச் என்னும் அறிஞர் செய்த சீர்திருத்தம் இது. மாலைக்கு அரை மணி நேரம் என்று ஒரு வாரம் உட்கார்ந்தால் பலகைகளை வாசித்துவிடலாம். இலக்கணத்தில் ஏழு வேற்றுமைகள் உண்டு. விளி வேற்றுமையும் அவற்றில் ஒன்று. ஐரோப்பியச் சக ஊழியர்கள் இதைக் கேட்டுத் தலையில் கைவைத்தார்கள். பள்ளியில் எட்டு வேற்றுமைகளை மனப்பாடம் செய்தவர்களுக்கு இது பழைய பகைதான். இதில் வேடிக்கை என்னவென்றால், நீஷ் வட்டாரப் பேச்சில் அந்த ஏழில் பாதி தேய்ந்துபோய்விட்டன. பெல்கிரேடுக்காரர்கள் அதைக் கேலி செய்வார்கள். என்னைப் போன்ற வந்தேறிகளுக்கு அது வரம்; நான் தவறாகப் பேசியபோதெல்லாம் உள்ளூர்க்காரர்போலப் பேசுகிறேன் என்று கடைக்காரர்கள் மகிழ்ந்தார்கள்.

ஐந்நூறு ஆண்டுகளுக்கு அருகே நீடித்த, துருக்கியரின் உதுமானிய ஆட்சி மொழிக்குள் விட்டுச்சென்ற சொற்களும் உதவின. சட்டைப்பைக்கு ‘ஜெப்’ என்கிறார்கள். நம்முடைய ஜேப்படித் திருடனில் இருக்கும் அதே ஜேப். சர்க்கரைக்கு ‘ஷெச்சேர்’. அன்பளிப்புக் காசுக்கு ‘பக்ஷிஷ்’. அரபு, பாரசீகம், துருக்கி என்று பல கை மாறிப் பயணம் செய்த சொற்கள் கிழக்கே நம்மிடமும் மேற்கே இவர்களிடமும் வந்து தங்கியிருக்கின்றன. நீங்கள், நீ என்ற வேறுபாடும் அங்கே கண்டிப்பானது. வயதில் மூத்தவரை எடுத்த எடுப்பில் ‘நீ’ என்று அழைத்துவிட்டால் முகம் சுருங்கும்; அவரே அனுமதித்தபின் ‘நீங்கள்’ என்று தொடர்ந்தாலோ வருத்தப்படுவார்.

உணவைப் பற்றி எனக்குப் பெரிய அச்சம் இருந்தது. நான் மரக்கறி உண்பவள். தென்செர்பியாவோ இறைச்சிக்குப் பெயர்போனது; நாற்பது கிலோமீட்டர் தெற்கே இருக்கும் லெஸ்கோவாட்ஸ் நகரம் கரியில் வாட்டும் இறைச்சிக்காகவே நாடு முழுவதும் அறியப்பட்டது. உணவகத்தில் “சைவம்” என்று ஆங்கிலச் சொல்லைச் சொல்லிப் பார்த்தேன்; கோழியைக் கொண்டுவந்தார்கள். “இறைச்சி வேண்டாம்” என்றேன். பன்றிக் கொழுப்பில் வதக்கிய காயைக் கொண்டுவந்தார்கள். தீர்வு ஒரே சொல்லில் இருந்தது: ‘போஸ்னோ’. ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் ஆண்டில் பல வாரங்களும், பக்தி மிகுந்தவர்கள் புதன், வெள்ளி தோறும் நோன்பு இருக்கிறார்கள். நோன்புக்குரிய உணவே போஸ்னோ. அதில் இறைச்சி, பால், முட்டை எதுவும் சேராது. எந்தக் கிராமத்துச் சமையல்காரருக்கும் அந்தச் சொல் தெரியும், அதன் ஒழுங்கும் தெரியும். ஒரே எச்சரிக்கை, நோன்பு நாட்களில் பலவற்றில் மீனுக்கு அனுமதி உண்டு. ஆகவே “போஸ்னோ, மீனும் வேண்டாம்” என்று முழுதாகச் சொல்ல வேண்டும். வெங்காயத்தை நிறைய வதக்கி வெள்ளை மொச்சையோடு சேர்த்து அடுப்பில் சுட்டெடுக்கும் ‘ப்ரெப்ரனாட்ஸ்’ என்ற உணவைப் பதினான்கு மாதங்களும் சலிக்காமல் உண்டேன்.

காலை உணவு என்றால் நீஷில் ‘புரெக்’தான். மெல்லிய மாவுத் தாள்களை அடுக்கி, இடையில் பாலாடைக்கட்டியோ இறைச்சியோ வைத்து, பெரிய வட்டத் தட்டில் சுட்டு, நான்காக வெட்டித் தருவார்கள். கூடவே குடிக்கும் தயிர் ஒரு குவளை. பாலாடைக்கட்டி வேண்டுமென்றால் “ச சிரொம்” என்று கேட்க வேண்டும். எட்டரை மணிக்குமேல் போனால் நல்ல கடைகளில் இறைச்சி வைத்தது மட்டுமே மிஞ்சியிருக்கும். சில அடுமனைகளில் மாவைக் கொழுப்பு தடவி இழுக்கிறார்கள் என்பதால் முதல்முறை போகும்போது கேட்டுக்கொள்வது நல்லது. தண்ணீர் வாங்கவே வேண்டாம். மலை ஊற்றுகளிலிருந்து வரும் குழாய்த் தண்ணீர் அருமையாக இருக்கும்.

செப்டம்பரில் ஊர் முழுக்க ஒரே மணம் வீசத் தொடங்கியது. சுட்ட மிளகாயின் மணம். வீட்டுக்கார அம்மா சந்தையிலிருந்து மூட்டையாகச் சிவப்புக் குடைமிளகாய் இறக்கினார். நீளமாக, சதைப்பற்றாக, காரமே இல்லாத வகை. முற்றத்தில் விறகு அடுப்பின் இரும்புத் தகட்டில் அவற்றைப் பரப்பித் தோல் கருகும்வரை புரட்டிப் புரட்டிச் சுட்டோம். சுட்டவற்றை உடனே மூடிபோட்ட பாத்திரத்தில் அடைத்து வியர்க்கவிட வேண்டும்; அப்போதுதான் தோல் கழன்று வரும். உரிக்கும்போது தண்ணீரில் கழுவக் கூடாது. நான் தெரியாமல் ஒன்றைக் குழாயடியில் காட்டிவிட்டேன். கையில் லேசாக ஓர் அடி விழுந்தது. மணம் போய்விடுமாம். உரித்ததைத் துணியில் கட்டி இரவெல்லாம் தொங்கவிட்டு நீரை வடித்து, மறுநாள் அரைத்து, எண்ணெய் விட்டு மணிக்கணக்கில் கிளற வேண்டும். கரண்டியை இழுத்தால் பாத்திரத்தின் அடி ஒரு கோடாகத் தெரிந்து, அந்தக் கோடு உடனே மூடாமல் நிற்க வேண்டும், அதுதான் பதம். அதன் பெயர் அய்வார். அல்வா கிளறிய கை உள்ளவர்களுக்கு இந்தப் பதம் சொல்லித்தர வேண்டியதில்லை.

கிளறிக்கொண்டே அவர் தம் கதையைச் சொன்னார். 1948இல் வானொலிப் பெட்டிகளும் எக்ஸ்ரே கருவிகளும் செய்வதற்காக நீஷில் தொடங்கப்பட்ட நிறுவனம், ‘ஈஐ நீஷ்’ என்ற பெயரில், செர்பியா அன்று அங்கமாக இருந்த யுகோஸ்லாவியாவின் மாபெரும் மின்னணுத் தொழிற்சாலைகளில் ஒன்றாக வளர்ந்தது. தொலைக்காட்சிப் பெட்டிகள் செய்தார்கள்; 1980களில் பெக்கோம் என்ற வீட்டுக் கணினிகூடச் செய்தார்கள். அதன் உச்சத்தில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அங்கே வேலை பார்த்தார்கள். இவர் தொலைக்காட்சிப் பிரிவில் பற்றவைப்பு மேசையில் இருபத்திரண்டு ஆண்டுகள். இருப்புப்பாதை வந்தபோது உருவான பட்டறையிலிருந்து வளர்ந்த எந்திரத் தொழிற்சாலையும், 1930இல் தொடங்கிய புகையிலை ஆலையும் ஊரின் மற்ற இரு தூண்கள். அதாவது ஒரு வீட்டில் ஒருவர் மின்னணுவில் இருந்தால் இன்னொருவர் எந்திரத்திலோ புகையிலையிலோ இருப்பார்.

யுகோஸ்லாவியா உடைந்தது. 1992இல் ஐக்கிய நாடுகள் அவை பொருளாதாரத் தடை விதித்தது. உதிரிப்பாகம் வரவில்லை, சந்தையாக இருந்த குடியரசுகள் வேற்று நாடுகளாகிவிட்டன. 1993இல் பணவீக்கம் கட்டுக்கடங்காமல் போய், ஆண்டு முடிவில் 50,000 கோடி தினார் என்று அச்சிட்ட நோட்டு வந்தது. “காலையில் சம்பளம் வாங்கி, மாலைக்குள் செலவழிக்காவிட்டால் அது காகிதம்” என்றார் அம்மா. தகர டப்பாவைத் திறந்து அந்த நோட்டைக் காட்டினார். அதில் குழந்தைகளுக்கான பாடல்கள் எழுதிய ஒரு கவிஞரின் முகம். புகையிலை ஆலையை 2003இல் பிலிப் மாரிஸ் வாங்கியது, அது நிலைத்துவிட்டது. மின்னணு நிறுவனமோ துண்டு துண்டாகிக் கரைந்துபோனது. அதன் பரந்த வளாகத்தின் பாழடைந்த கட்டடங்களை ஒட்டித்தான் நான் ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போனேன்.

நான் பணிபுரிந்தது போன்ற வெளிநாட்டு வாகன உதிரிப்பாகத் தொழிற்சாலைகள், அரசு மானியங்களின் துணையோடு, அந்த வெற்றிடத்துக்குள் வந்தவை. ஊதியம் குறைவு என்ற முணுமுணுப்பு எப்போதும் உண்டு. அதில் நியாயமும் உண்டு. ஆனால் என் எந்திரங்களைக் கற்றுக்கொண்டவர்களின் கைநேர்த்தியைப் பார்த்து நான் வியந்தேன். ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெண், கம்பியின் இழுவிசை கூடியிருப்பதை அளவி காட்டுவதற்கு முன்பே ஒலியை வைத்துச் சொல்லிவிடுவார். எங்கே கற்றீர்கள் என்றேன். பழைய மின்னணு ஆலையில் மின்மாற்றிப் பிரிவில் என்றார். ஆலை போனாலும் கை போகவில்லை. 1965இல் நிறுவப்பட்ட நீஷ் பல்கலைக்கழகத்தின் மின்னணுவியல் புலமும் அப்படித்தான்; அங்கே படித்தவர்கள் இன்று மென்பொருள் நிறுவனங்களில் இருக்கிறார்கள். 2020இல் அந்தப் புலத்தின் அருகே அறிவியல் தொழில்நுட்பப் பூங்காவும் திறக்கப்பட்டிருக்கிறது. எனினும் இளைஞர்கள் ஆஸ்திரியாவுக்கும் ஜெர்மனிக்கும் போவது நிற்கவில்லை. ஊரின் சிறிய விமான நிலையத்திலிருந்து மலிவுக் கட்டண விமானங்கள் போகும் இடங்களைப் பார்த்தாலே எந்தெந்த வீட்டுப் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். நான் போன ஆண்டில் அந்த விமான நிலையத்தை நகராட்சியிடமிருந்து மத்திய அரசுக்கு மாற்றினார்கள். அதை எதிர்த்து மக்கள் தெருவில் இறங்கினார்கள். பெல்கிரேடு எல்லாவற்றையும் எடுத்துக்கொள்கிறது என்ற மனக்குறையை ஊர் முழுக்கக் கேட்கலாம். அதற்கு நடுவே நம் கருத்தைச் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருப்பது உத்தமம்.

விடுமுறை நாட்களில் ஊரைப் பார்க்கத் தொடங்கினேன். இதற்கு ஓர் எளிய வழி உண்டு. அம்பாஸிடர் ஓட்டல் அருகே ‘நிஷ்கா பான்யா’ என்று பலகை போட்ட பேருந்தில் ஏறினால், அது பழைய இஸ்தான்புல் சாலையின் திசையிலேயே கிழக்கு நோக்கிப் போகும். முதலில் மண்டையோட்டுக் கோபுரம், அடுத்து ரோமானிய மாளிகைகள் இருந்த மெடியானா, பத்துக் கிலோமீட்டரில் வெந்நீர் ஊற்றுகள் உள்ள நிஷ்கா பான்யா. ஒரே பேருந்துச் சீட்டில் பல நூற்றாண்டுகள்.

மண்டையோட்டுக் கோபுரத்தை நான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். 1809 மே 31 அன்று நீஷுக்கு வெளியே செகர் குன்றில் உதுமானியப் படை செர்பியக் கிளர்ச்சியாளர்களைச் சூழ்ந்துகொண்டது. தோல்வி உறுதியானபோது அவர்களின் தலைவர் ஸ்டெவன் சின்ஜெலிச், வெடிமருந்துக் கிடங்கை நோக்கித் துப்பாக்கியால் சுட்டார். இருதரப்பிலும் பலர் மாண்டார்கள். உதுமானியத் தளபதி ஹுர்ஷித் பாஷா இறந்த கிளர்ச்சியாளர்களின் தலைகளைக் கொய்து, தோலை உரித்து வைக்கோல் திணித்து இஸ்தான்புல்லுக்கு அனுப்பிவிட்டு, மண்டையோடுகளைச் சுவரில் பதித்துச் சாலையோரம் ஒரு கோபுரம் எழுப்பினார். போகிறவர் வருகிறவர் கண்டு அஞ்ச வேண்டும் என்பதுதான் நோக்கம். அதனால்தான் அது சாலையோரம். நான்கு பக்கமும் பதினான்கு வரிசை, வரிசைக்குப் பதினேழு என்று 952 மண்டையோடுகள். 1833இல் அவ்வழியே வந்த பிரெஞ்சுக் கவிஞர் லாமார்த்தின் அதைப் பற்றி எழுதியபின் ஐரோப்பா அறிந்தது. உறவினர்கள் இரவோடு இரவாக வந்து பெயர்த்துக்கொண்டு போனவையும், உதிர்ந்தவையும் போக, இன்று மிஞ்சியிருப்பவை 58. 1892இல் கோபுரத்தைச் சுற்றி ஒரு சிற்றாலயம் கட்டி மூடினார்கள். உள்ளே போனதும் நான் முதலில் கண்டது மண்டையோடுகளை அல்ல, காலியான குழிகளை. ஒவ்வொன்றும் ஒரு தலையின் அளவு. சாந்தில் அதன் அச்சு அப்படியே இருந்தது. என் முன்னால் ஓர் இளைஞர் குழு சுவரில் சாய்ந்து சிரித்துப் படம் எடுத்துக்கொண்டது. வழிகாட்டிப் பெண் எதுவும் சொல்லவில்லை. விளக்கை மட்டும் ஒருமுறை அணைத்துப் போட்டார். அவர்கள் வெளியேறினார்கள்.

மெடியானாவை எதிர்பார்ப்போடு போய்ப் பார்ப்பவர்கள் ஏமாறுவார்கள். கி.பி. 272 வாக்கில் நைசஸ் என்று அழைக்கப்பட்ட இந்த ஊரில் பிறந்த கான்ஸ்டன்டைன், கிறிஸ்தவர்களுக்கு வழிபாட்டு உரிமை தந்த ரோமப் பேரரசர். அவர் காலத்து மாளிகையின் அடித்தளங்களும் மொசைக் தளங்களும்தாம் இங்கே உள்ளன. அவருடைய வெண்கலத் தலை 1900இல் நிஷாவா ஆற்றில் கிடைத்தது. அதைப் பார்க்க பெல்கிரேடு தேசிய அருங்காட்சியகத்துக்குத்தான் போக வேண்டும். பிறந்த ஊரிலேயே அதை வைக்கக்கூடாதா என்ற குறை இங்கேயும் உண்டு. ஐந்தாம் நூற்றாண்டில் அட்டிலாவின் ஹூணர் படை நைசஸைத் தரைமட்டமாக்கியது. ரோமுக்குச் செல்வம் வந்த அதே சாலையில்தான் அவர்களும் வந்தார்கள்.

கோட்டையோ வேறு கதை. ஊருக்கு நடுவே, ஆற்றை ஒட்டி, 22 ஹெக்டேர். பெல்கிரேடு ஆஸ்திரியர்கள் கைக்குப் போனபின் எல்லை தங்கள் மடிக்கு வந்துவிட்டதால், உதுமானியர்கள் 1719 முதல் 1723 வரை இதை அவசரமாகக் கட்டினார்கள். இன்று இதன் இஸ்தான்புல் வாசலுக்குள் நுழைந்தால் காப்பிக் கடைகள். பழைய வெந்நீர்க் குளியற்கூடத்தில் உணவகம். பதினாறாம் நூற்றாண்டுப் பள்ளிவாசலில் ஓவியக் கூடம். மாலையில் ஊரே இங்கே உலாவுகிறது. ஆகஸ்டில் நடக்கும் ‘நீஷ்வில்’ ஜாஸ் விழாவின்போது மதில்களில் இசை எதிரொலிக்கும். அந்த நாட்களில் விடுதி அறை கிடைப்பது அரிது; முன்பே பதிவு செய்துவிடுங்கள். ஆற்றங்கரையில் இவ்வூரில் பிறந்த ரோமா இனப் பாடகர் ஷபான் பைராமோவிச்சின் சிலை இருக்கிறது. ரோமா மக்களைப் பற்றி ஏளனமாகப் பேசுகிறவர்கள்கூட அவர் பாட்டு ஒலித்தால் வாயை மூடிக்கொண்டு கேட்பார்கள்.

முதல் உலகப் போரில் அரசு பெல்கிரேடை விட்டு இங்கே வந்ததால், 1914 ஜூலை 28 அன்று ஆஸ்திரியா-ஹங்கேரியின் போர் அறிவிப்புத் தந்தி பிரதமர் பாஷிச்சின் கைக்கு வந்து சேர்ந்தது நீஷில்தான். இரண்டாம் போரில் ஜெர்மானியர்கள் ‘செஞ்சிலுவை’ ரயில் நிலையத்தருகே வதைமுகாம் வைத்தார்கள். 1942 பிப்ரவரி 12 அன்று கைதிகள் காவலர்கள்மேல் பாய்ந்து முள்வேலியைத் தாண்டினார்கள். 105 பேர் தப்பினார்கள். பூபான் குன்றில் சுட்டுக் கொல்லப்பட்டவர்கள் பத்தாயிரத்துக்கும் மேல். அங்கே 1963இல் நிறுவிய மூன்று கான்கிரீட் கைமுஷ்டிகளைப் பனி விழும்போது பார்த்தேன். ஆண், பெண், குழந்தை என்கிறார்கள். இன்னொன்றை எந்த வழிகாட்டியும் எனக்குச் சொல்லவில்லை. 1999 மே 7 அன்று நண்பகலில் நேட்டோ விமானம் வீசிய கொத்துக் குண்டுகள் சந்தைப் பகுதியிலும் மருத்துவமனை அருகிலும் விழுந்து, பத்துக்கும் மேற்பட்ட பொதுமக்கள் இறந்தார்கள். 2019 மே 7 காலை, காய் வாங்கப் போன நான், மலர் வைக்கும் கூட்டத்தைக் கண்டு நின்றேன். எனக்கு வழக்கமாகக் கீரை தரும் பெரியவர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார். அன்று அவர் விலை சொல்லவில்லை. நானும் கேட்காமல் காசைத் தட்டில் வைத்துவிட்டு வந்தேன்.

குளிர்காலத்துக்கு வருபவர்கள் குளிரைவிடப் புகைக்கு ஆயத்தமாக வர வேண்டும். மலைசூழ்ந்த பள்ளம், காற்று நகராது. மைய வெப்பமூட்டல் இல்லாத வீடுகளில் விறகும் நிலக்கரியும் எரிகின்றன. டிசம்பர் மாலைகளில் தெருவிளக்குகள் மஞ்சள் பஞ்சில் பொதிந்ததுபோல் தெரியும். இழுப்பு உள்ளவர்கள் மைய வெப்பமூட்டல் உள்ள அடுக்குமாடியில், மேல்தளமாகப் பார்த்து எடுங்கள். அது அக்டோபர் நடுவில் தொடங்கி ஏப்ரல் நடுவில் நிற்கும். கோடையோ நேரெதிர். இங்கே 44 டிகிரி வரை பதிவாகியிருக்கிறது. ஆனால் அந்த வெக்கையிலும் பேருந்தில் இருபக்கச் சன்னல்களைத் திறந்துவிடாதீர்கள். குறுக்கே வீசும் காற்று எல்லா நோய்க்கும் மூலம் என்பது இங்குள்ளவர்களின் அசைக்கமுடியாத நம்பிக்கை. நான் ஒருமுறை திறந்தேன்; பேருந்தே திரும்பிப் பார்த்தது.

டிசம்பர் 19 புனித நிக்கோலாஸ் நாள், வீட்டுக்கார அம்மாவின் குடும்ப ‘ஸ்லாவா’. ஒவ்வொரு செர்பியக் குடும்பத்துக்கும் தலைமுறை தலைமுறையாக ஒரு காவல் புனிதர் உண்டு. குலதெய்வம் என்று சொன்னால் நமக்குச் சட்டென்று விளங்கும். 2014இல் யுனெஸ்கோ இதை மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. இதற்கு அழைப்பு கிடையாது. தெரிந்தவர்கள் தாமாக வர வேண்டும் என்பது முறை. எனக்கு அது தெரியாமல், அழைக்கவில்லையே என்று மேல்தளத்தில் உட்கார்ந்திருந்தேன். மாலை ஆறு மணிக்குக் கரண்டியால் கூரையைத் தட்டும் ஒலி கேட்டது. இறங்கிப் போனால், மெழுகுவர்த்தி எரிய, வேகவைத்த கோதுமையை இனிப்பும் அக்ரூட்டும் சேர்த்துப் பிசைந்து வைத்திருந்தார்கள். நுழைந்ததும் ஒரு கரண்டி எடுத்து உண்ண வேண்டும். அந்த நாள் எப்போதும் நோன்புக் காலத்தில் வருவதால் மேசை முழுதும் போஸ்னோ. மீனைத் தவிர அத்தனையும் நான் உண்ணலாம். எனக்காகவே இந்தப் புனிதரைத் தேர்ந்தெடுத்ததாக அம்மா உறவினர்களிடம் சொல்லிச் சிரித்தார்.

புறப்படும்போது அய்வார் சீசாக்கள் இரண்டு தந்தார். கைப்பையில் வைத்தால் விமான நிலையத்தில் பிடுங்கிவிடுவார்கள், பெட்டிக்குள் துணி சுற்றி வைக்க வேண்டும். பேருந்து நிலையத்தில் நடைமேடைக்குள் வரத் தனிச் சீட்டு வாங்க வேண்டும். வழியனுப்ப வந்தவரும் வாங்கினார். பெட்டிக்கான கட்டணத்தை ஓட்டுநரிடம் சில்லறையாகத் தர வேண்டும் என்பதை நான் பதினான்கு மாதங்களுக்குப் பிறகும் மறந்திருந்தேன். அவர்தாம் தம் ஜெப்பிலிருந்து நாணயங்களை எடுத்துக் கொடுத்தார். முதல்நாள் இரவு கணக்கு முடித்தபோது என் வெள்ளை அட்டையின் நகலைத் திருப்பித் தந்தேன். வேண்டாம் என்று மடித்து, 50,000 கோடி நோட்டு இருந்த தகர டப்பாவில் வைத்து மூடினார்.